விவாதத்தின் முதற்பாடம்

பள்ளியில் விவாதப் போட்டி அறிவிக்கப்பட்டவுடன், குரல் வளமும் மேடைத் துணிவும் உள்ள இரண்டு மூன்று மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்களுக்குரிய உரையை ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தருவது பல பள்ளிகளில் வழக்கமாக உள்ளது. மாணவர்கள் அவ்வுரையை மனப்பாடம் செய்கின்றனர். குரலின் ஏற்ற இறக்கத்தையும் கையசைவையும் பழகுகின்றனர். போட்டி நாளன்று ஒருவர் தலைப்பை ஒட்டிப் பேசுகிறார். அடுத்தவர் வெட்டிப் பேசுகிறார். முன்னவர் கூறிய எதற்கும் பின்னவர் விடை கூறுவதில்லை. இருவரும் வரிசை மாறிப் பேசியிருந்தாலும் அவர்களுடைய உரைகளில் ஒரு சொல்லும் மாறியிருக்காது. இதனை அடுத்தடுத்து நிகழ்ந்த இரண்டு சொற்பொழிவுகள் என்று கூறலாம். விவாதம் என்று கூற இயலாது.

ஒருவர் கூற்றுக்கு மற்றவர் விடையளிப்பதே விவாதம். விடையளிக்க வேண்டுமானால் முதலில் அக்கூற்றைக் கேட்டிருக்க வேண்டும். ஆகவே, புதிதாக விவாதம் பயிலும் மாணவருக்கு மேடைப்பேச்சைக் கற்பிப்பதற்கு முன்பு இரண்டு பழக்கங்களைக் கற்பிக்க வேண்டும். எதிரணியினர் கூறுவதைக் கூர்ந்து கேட்டு எழுதிக்கொள்வது ஒன்று. தமக்கு உடன்பாடில்லாத பக்கத்திலும் நின்று நேர்மையாக வாதிடுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஏன் தேவை என்பதைக் ‘கொள்கை விவாதம்’ என்னும் போட்டி முறையைக் கொண்டு அறியலாம்.

அமெரிக்காவின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெடுங்காலமாக நடைபெற்று வருவது கொள்கை விவாதம். ‘அரசு இன்ன செயலைச் செய்ய வேண்டும்’ என்னும் வடிவில் ஒரு தீர்மானம் அறிவிக்கப்படும். ஒரு கல்வியாண்டு முழுவதும் அத்தீர்மானத்தைப் பற்றியே மாணவர்கள் படித்தும் வாதிட்டும் வருவர். அணிக்கு இருவர் இடம்பெறுவர். பள்ளிப் போட்டிகளில் ஒவ்வொருவரும் இருமுறை பேசுவர். முதல் உரைக்கு எட்டு நிமிடமும் மறுப்புரைக்கு ஐந்து நிமிடமும் தரப்படும். ஒவ்வொரு முதல் உரையும் முடிந்தவுடன் எதிரணியினர் ஒருவர் மூன்று நிமிடம் குறுக்கு வினா எழுப்புவர். மறுப்புரையில் புதிய வாதம் எதனையும் தொடங்கக் கூடாது. ஒரு சுற்றில் ஒட்டிப் பேசிய அணி, மற்றொரு சுற்றில் அதே தீர்மானத்தை வெட்டிப் பேச வேண்டியிருக்கும்.

இம்முறையின் அடிப்படையைத் தில்லி மாணவர்கள் நன்கறிந்த ஒரு செய்தியைக் கொண்டு விளக்கலாம். காற்று மாசைக் குறைப்பதற்காக 2016 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து பதினைந்து நாள்களுக்குத் தில்லியில் ஒரு திட்டம் நடைமுறையில் இருந்தது. ஒற்றைப்படைத் தேதிகளில் ஒற்றைப்படைப் பதிவெண் கொண்ட கார்களும், இரட்டைப்படைத் தேதிகளில் இரட்டைப்படைப் பதிவெண் கொண்ட கார்களும் மட்டுமே சாலையில் ஓடலாம் என்பது அதன் விதி. ‘இத்திட்டம் தில்லியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும்’ என்பதைத் தீர்மானமாகக் கொள்வோர் எவ்வாறு வாதிட வேண்டும்?

ஒட்டிப் பேசும் அணி நான்கு வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். இப்போதுள்ள தீங்கு யாது? அத்தீங்கு தானாகவே நீங்காமல் இருப்பதற்குக் காரணம் என்ன? அணி முன்வைக்கும் திட்டத்தால் தீங்கு குறையுமா? குறையுமானால், அந்த நன்மை திட்டத்தால் விளையும் தொல்லையைவிடப் பெரிதா? காற்று மாசு கொடியது என்று எட்டு நிமிடமும் உணர்ச்சியோடு பேசுபவர் முதல் வினாவுக்கு மட்டுமே விடை கூறியவர் ஆவார். மற்ற மூன்றும் விடையின்றி நிற்கும்.

வெட்டிப் பேசும் அணி, மாசு நல்லது என்று வாதிட வேண்டியதில்லை. அந்நான்கு கண்ணிகளுள் ஒன்றை அறுத்தாலே போதும். 2016 ஆம் ஆண்டுத் திட்டத்தில் இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, திட்டத்தின் பயனை அவர்கள் ஐயுறலாம். மெக்சிகோ நகரில் 1989 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்தகைய கட்டுப்பாட்டுக்குப் பின்னர், சில குடும்பங்கள் தடையைக் கடப்பதற்காகக் கூடுதலாக ஒரு வண்டியை வாங்கின என்று ஆய்வாளர்கள் கண்டதை எடுத்துரைக்கலாம். கார்களைக் கட்டுப்படுத்துவதைவிடப் பேருந்துகளின் எண்ணிக்கையை உயர்த்துவது மேல் என்று மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைக்கலாம். எதை முன்வைத்தாலும் அதற்குரிய சான்றையும், அச்சான்று எங்கிருந்து பெறப்பட்டது என்பதையும் கூறவேண்டும்.

இவ்வாறு வாதங்கள் ஒன்றோடொன்று பின்னிச் செல்வதால், கேட்டவற்றை நினைவில் மட்டும் வைத்துக்கொள்வது அரிது. ஆகவே கொள்கை விவாதம் பயில்வோர் ஒரு பெரிய தாளில் நெடுக்காகக் கோடுகள் இட்டு, எட்டு உரைகளுக்கு எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்கின்றனர். முதலில் பேசியவர் கூறிய ஒவ்வொரு வாதத்தையும் முதற்பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுருக்கி எழுதுகின்றனர். அதற்கு எதிரணி கூறும் விடையை அடுத்த பகுதியில், அந்த வாதத்திற்கு நேராக எழுதுகின்றனர். ஒட்டிப் பேசுவோருக்கு ஒரு நிற மையையும் வெட்டிப் பேசுவோருக்கு வேறு நிற மையையும் பயன்படுத்துகின்றனர். உரைகள் முடியும்போது, எந்த வாதத்திற்கு நேராக இடம் வெறுமையாக உள்ளது என்பது கண்ணுக்குப் புலப்படும். விடை கூறப்படாத வாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். இவ்விதி இருப்பதால் எவரும் கேளாமல் இருக்க இயலாது.

இக்குறிப்புத் தாளுக்கு மற்றொரு பயனும் உண்டு. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ, வகுப்பில் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைகள் பலர். அவர்களுள் சிலருக்கு விடை தெரிந்திருந்தும், சொற்களைத் தேடி வரிசைப்படுத்துவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மேடைத் திறனை முதல் தகுதியாகக் கொள்ளும் பள்ளியில் அத்தகைய மாணவர் பார்வையாளர் வரிசையிலேயே அமர்ந்துவிடுகிறார். கேட்டு எழுதுவதை முதல் தகுதியாகக் கொண்டால் அவருக்கும் இடம் கிடைக்கும். தம் குறிப்பை அவர் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். நடுவர் அத்தாளைப் பார்ப்பதில்லை. எதிரணி எந்த வாதத்தைத் தவறவிட்டது என்பதைக் கண்டவுடன், பேசுவதற்குரிய ஒன்று அவர் கையில் இருக்கும். பேசுவதற்குப் பொருள் கிடைத்தபின் கூச்சம் தானே குறையும்.

விவாதப் பயிற்சி சிலருக்கு மட்டும் உரியதாக இருத்தல் கூடாது என்னும் எண்ணம் அமெரிக்காவிலும் எழுந்தது. அட்லாண்டா நகரில் 1985 ஆம் ஆண்டு எமரி பல்கலைக்கழகமும் அந்நகர அரசுப் பள்ளிகளும் இணைந்து, வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்குக் கொள்கை விவாதத்தைக் கற்பிக்கத் தொடங்கின. அம்முயற்சி பின்னர்ப் பிற பெருநகரங்களுக்கும் பரவியது.

இரண்டாவது பழக்கத்தைப் பற்றிப் பெற்றோர் பலருக்கு ஐயம் உண்டு. ‘தாம் நம்பாத ஒன்றை நம்புவதுபோல் பேசப் பழகும் பிள்ளை, நாளடைவில் உண்மையில் பற்றில்லாத பிள்ளையாகிவிடாதா?’ என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. அமெரிக்காவிலேயே இதே வினா ஒருமுறை நாடறிந்த சர்ச்சையாக எழுந்தது.

1954 - 55 கல்வியாண்டில் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஒரு தீர்மானம் தரப்பட்டது. சீனாவின் கம்யூனிஸ்ட் அரசுக்கு அமெரிக்கா தூதரக ஏற்பு வழங்க வேண்டும் என்பது அத்தீர்மானம். இந்தியா 1950 ஆம் ஆண்டிலேயே அவ்வரசுடன் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலோ அக்காலத்தில் கம்யூனிசத்தின்மீது அச்சமும் வெறுப்பும் மிகுந்திருந்தன. அத்தீர்மானத்தை ஒட்டிப் பேசும் மாணவர் பகைவருக்குத் துணைபோவதாகக் கருதப்படுவாரோ என்று சிலர் அஞ்சினர். வெஸ்ட் பாயின்ட் தரைப்படைக் கல்லூரியும் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியும் தம் மாணவர்கள் அத்தீர்மானத்தைப் பற்றி வாதிடக் கூடாது என்று தடுத்தன. வேறு பல கல்லூரிகளின் மாணவர்கள் அதே தீர்மானத்தின் இரு பக்கங்களிலும் நின்று வாதிட்டனர்.

பின்னர் நிகழ்ந்தவை வரலாற்றில் பதிவாகியுள்ளன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1972 ஆம் ஆண்டு சீனாவுக்குச் சென்றார். 1979 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அமெரிக்கா அவ்வரசுக்கு முழுமையான தூதரக ஏற்பு வழங்கியது. மாணவர்களின் விவாதத்தால் இம்மாற்றம் நிகழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. ஆனால், பேசவே தகாதது என்று ஒரு காலத்தில் விலக்கப்பட்ட கருத்து, கால் நூற்றாண்டுக்குள் அரசின் கொள்கையாகிவிட்டது. அதனை ஆராய்ந்து பார்க்கத் தடை விதித்தவர்களால், அக்கருத்து தவறு என்பதையோ சரி என்பதையோ தம் மாணவர்களுக்குக் கற்பிக்க இயலவில்லை. இராணுவத்தில் சேரவிருந்த அம்மாணவர்களுக்குத்தான் மறுபக்கத்தின் எண்ணத்தை அறியும் தேவை மிகுதியாக இருந்தது.

வகுப்பறையில் ஒரு பக்கம் நின்று வாதிடுவதும், அக்கருத்தை வாழ்வில் நம்புவதும் வேறு வேறு. விவாதத்தில் எந்த அணிக்கு எந்தப் பக்கம் என்பது போட்டியின் விதி என அனைவருக்கும் தெரியும். அங்கு எவரும் ஏமாற்றப்படுவதில்லை. பொய்யான சான்றைக் காட்டுவதும், எதிரணி கூறாததைக் கூறியதாகத் திரிப்பதுமே நேர்மைக் கேடு. அவற்றை ஆசிரியர் சிறிதும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இரு பக்கமும் வாதிட்டுப் பார்த்த மாணவர், இறுதியில் தம் பழைய கருத்துக்கே திரும்பலாம். அப்போது அக்கருத்து பிறரிடமிருந்து கடன் பெற்றதாக இராது. அவரே ஆராய்ந்து கொண்டதாக இருக்கும்.

கொள்கை விவாதத்திலும் குறை உண்டு. காலத்திற்குள் மிகுதியான வாதங்களை அடுக்க வேண்டும் என்னும் ஆவலால், அமெரிக்கப் போட்டியாளர்கள் பலர் மிக விரைந்து பேசுகின்றனர். பயிற்சி இல்லாதவருக்கு அப்பேச்சு விளங்குவதில்லை. கேட்பவருக்கு விளங்காத வாதத்தால் பயனில்லை. இந்தியப் பள்ளிகள் இம்முறையிலிருந்து வாத ஒழுங்கையும் குறிப்புத் தாளையும் பக்கம் மாறி வாதிடும் வழக்கத்தையும் ஏற்று, அவ்விரைவை விலக்குவதே தக்கது.

தமிழ் மரபுக்கு இக்கருத்துகள் புதியவை அல்ல. திருக்குறளின் பொருட்பாலில் ‘கேள்வி’ நாற்பத்திரண்டாம் அதிகாரமாகவும் ‘சொல்வன்மை’ அறுபத்தைந்தாம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதங்களைக் கூறுகிறது. பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று, பின்னர் அதனைக் களைதல் அவற்றுள் ஒன்று. எதிரணியின் வாதத்தை முழுமையாக அறிந்த பின்னரே மறுக்க வேண்டும் என்னும் விவாத விதியும் இதனையே வேண்டுகிறது.

ஆகவே பள்ளிகள் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து பார்க்கலாம். விவாதப் பயிற்சியின் முதல் மாதத்தில் மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். மாணவர் இருவர் இருவராக அமரட்டும். ஒருவர் ஒரு நிமிடம் தம் வாதத்தைக் கூறட்டும். அடுத்தவர் விடை கூறுவதற்கு முன்பு, கேட்ட வாதத்தைத் தம் சொற்களில் திருப்பிக் கூறட்டும். ‘ஆம், இதைத்தான் கூறினேன்’ என்று முன்னவர் ஒப்புக்கொண்ட பின்னரே விடை தொடங்கட்டும். மறுநாள் இருவரும் பக்கம் மாறட்டும். போட்டி நாளன்று நடுவர் வழங்கும் மதிப்பெண்ணில் பாதியாவது, எதிரணியின் வாதத்திற்கு நேராக விடை கூறியதற்கு உரியதாக இருக்கட்டும்.

கேந்திரிய வித்யாலயங்களில் நடைபெறும் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியில் மாணவர்கள் ஆளுங்கட்சியாகவும் எதிர்க்கட்சியாகவும் அமர்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை உண்மையான அவைகளில் அமரக்கூடும். ஏனையோர் குடும்பத்திலும் குடியிருப்புச் சங்கத்திலும் அலுவலகத்திலும் மாற்றுக் கருத்துடையோருடன் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவர்கள். அவ்விடங்களில் எழுதித் தரப்பட்ட உரை உதவாது. எதிரில் இருப்பவர் இப்போது என்ன கூறினார் என்பதை அறிந்தவரே அங்கு அடுத்த சொல்லைச் சரியாகக் கூற இயலும்.

பயிற்சி

1. மனப்பாட உரைகளை ‘விவாதம்’ என்று கூற இயலாது என்பதற்குக் கட்டுரை காட்டும் காரணம் யாது?
2. ஒட்டிப் பேசும் அணி விடை கூற வேண்டிய நான்கு வினாக்களை எழுதுக.
3. 1954 ஆம் ஆண்டுத் தீர்மானம் பற்றிய செய்தி கட்டுரையின் எந்தக் கருத்தை வலியுறுத்துகிறது?
4. ‘பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதிக்க வேண்டும்’ - இத்தீர்மானத்தை ஒட்டி மூன்று வாதங்களும் வெட்டி மூன்று வாதங்களும் எழுதுக. உங்கள் சொந்தக் கருத்துக்கு மாறான பக்கத்தை முதலில் எழுதுக.