சமையலறைக் கத்தரி அதற்கல்ல!

பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளும் பெண்களும் வீட்டிலேயே ரேடியோ, அழைப்பு மணி என்று எதையாவது செய்துகொண்டிருப்பது இப்போது சகஜம். நல்ல காரியந்தான். ஆனால் அதற்கான 'சர்க்யூட் போர்டு' அட்டையை அளவாக வெட்டவேண்டி வந்தால், முதலில் காணாமற்போவது நம் சமையலறைக் கத்தரிக்கோல்தான்! அது மழுங்குவதுகூடப் பெரிதில்லை. வெட்டும்போது பறக்கும் தூள்தான் கவலைக்குரியது.

இந்த அட்டையில் முக்கியமாக இரண்டு ரகம். பழுப்பு நிற அட்டை, காகிதத்தைப் பிசினில் தோய்த்து அழுத்தியது. வெளிர் பச்சையாக, வெளிச்சம் ஊடுருவுவதுபோல் இருப்பது கண்ணாடி இழைத் துணியில் ஆனது. இரண்டின்மேலும் மெல்லிய செப்புத் தகடு ஒட்டியிருக்கும். சாதாரணக் கனம் 1.6 மில்லிமீட்டர்.

தகரம் வெட்டும் கத்தரியும் உதவாது. பழுப்பு அட்டை விரிசல் விடும். கண்ணாடி அட்டையோ ஓரம் வெளுத்து அடுக்கடுக்காகப் பிரியும்.

நேர்கோட்டில் வெட்ட, தச்சர்கள் சன்மைக்கா கீறும் கத்தியே போதும். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே கோட்டில் ஏழெட்டு முறை கீறவேண்டும். விரல் ஸ்கேலின் விளிம்பைத் தாண்டக்கூடாது. அட்டையைத் திருப்பி, அந்தக் கோட்டுக்கு நேர் பின்புறமும் அப்படியே கீறி, மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று ஒடியும். தூளும் குறைவு.

மூலையில் சிறு துண்டு எடுக்க ஹாக்ஸா ரம்பம் வேண்டும். கடையில் அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடாகக் கேளுங்கள். பெரிய பல் செப்பைப் பிய்த்துவிடும். செப்புப் பக்கம் மேலே இருக்கட்டும். பிளேடைச் சாய்த்துப் பிடித்தால் பல பற்கள் சேர்ந்து பதியும். அறுப்பு சீராக வரும். கண்ணாடி இழை பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும். ஆகையால் உபரியாக ஒன்று வாங்கிவையுங்கள்.

இனி, தூள் விஷயம். கண்ணாடித் தூள் தோலில் பட்டால் அரிக்கும். கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். மூச்சோடு உள்ளே போவது நல்லதல்ல. ஆகவே சமையலறையிலும், கைக்குழந்தை தூங்கும் அறையிலும் இந்த வேலை கூடவே கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, அறுக்கும் இடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஓரம் தேய்க்கும் உப்புத்தாளும் ஈரமாகவே இருக்கட்டும். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். அந்தத் துணியைத் தூர எறிந்துவிடுங்கள். போட்டிருந்த சட்டையையும் தனியாக நனைப்பது நல்லது.

கத்தி, ஸ்கேல், ரம்பம் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் குழந்தையிடமே கொடுத்துவிடுங்கள். வேலையும் ஒழுங்காக நடக்கும். நம் கத்தரிக்கோலும் நமக்கே மிஞ்சும்!