மதிப்பெண் சொல்லாத கணக்கு

அரையுடன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் எவ்வளவு? ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவர்கள் பல வகுப்புகளிலும் உளர். தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டிப் பெற்ற விடை அது. விடைத்தாளில் அதற்குக் கிடைப்பது சுழியம். மாணவர் எதை எண்ணி அவ்வாறு கூட்டினார் என்பது அந்தச் சுழியத்தில் தெரிவதில்லை.

அதே மாணவரிடம் 30 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டை ஒன்றைக் கொடுத்து அளக்கச் சொல்லலாம். அதில் அரை 15 செ.மீ.; மூன்றில் ஒரு பங்கு 10 செ.மீ.; இரண்டும் சேர்ந்தால் 25 செ.மீ. அவர் எழுதிய ஐந்தில் இரண்டோ 12 செ.மீ. மட்டுமே. கூட்டிய பின்பு கிடைத்தது, முதலில் இருந்த அரையைவிடக் குறைந்திருப்பதை அவரே கண்டு திகைப்பார். பட்டையை 5 செ.மீ. கொண்ட ஆறு கூறுகளாகப் பிரித்தால், 25 செ.மீ. என்பது ஆறில் ஐந்து என்பதும் விளங்கும். அருகில் நின்று கவனிக்கும் ஆசிரியர், மாணவரின் எண்ணம் எங்கே பிறழ்ந்தது என்பதைச் சில நிமிடங்களில் அறிந்துகொள்வார். இதுவும் மதிப்பீடே.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 80 மதிப்பெண்களை ஆண்டுத் தேர்வுக்கும் 20 மதிப்பெண்களை அகமதிப்பீட்டுக்கும் ஒதுக்கியுள்ளது. மாணவர் தொகுப்பேடும் கணித ஆய்வகச் செயல்பாடும் அந்த 20-இல் அடங்கும். வழி திறந்தே இருக்கிறது. ஆனால், கடைசி வாரத்தில் நண்பரின் ஏட்டைப் பார்த்து எழுதி, வண்ணத்தாள் ஒட்டி ஒப்படைக்கப்படும் தொகுப்பேடு கையெழுத்தின் அழகையே காட்டும். கணித அறிவைக் காட்டாது.

நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பர் சிலர். நியாயமான வினாதான். ஆயினும், நாளொன்றுக்கு ஐவரிடம் பேசினால் எட்டு நாள்களில் வகுப்பு முழுவதும் நிறைவுறும். எழுத்துத் தேர்வை நீக்க வேண்டியதில்லை. விரைவையும் பிழையின்மையையும் அளக்க அது வேண்டும்.

வேற்று மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இம்முறையால் இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமோ இந்தியோ வழங்கும் நிலையில், சொற்கணக்கில் ஒருவர் தடுமாறினால், தடை கணிதத்திலா மொழியிலா என்பதை விடைத்தாள் கூறாது. காலில் பாதி அரைக்கால் என்று பாட்டியிடம் கேட்டறிந்த சிறுமிக்கு, நான்கில் ஒன்றின் பாதி எவ்வளவு என்பது முன்பே தெரியும். ஆங்கில வினாவின் முன் அவள் தயங்கலாம். ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், ஒரு தாளைக் கொடுத்து மடித்துக் காட்டச் சொல்லலாம். நான்காக மடித்ததை மீண்டும் ஒருமுறை மடித்து, எட்டில் ஒன்றை அவள் காட்டிவிடுவாள்.