குழாயில்லாதவர் கொடுக்கும் விலை



தண்ணீர் இறைவன் தந்த கொடை, அதற்கு விலை கூடாது என்று நாம் சொல்வதுண்டு. ஆனால் அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவர அணை, குழாய், மின்சாரம், ஊழியர் ஊதியம் எல்லாம் வேண்டும். இச்செலவை ஏற்கக்கூடியவர் மூவரே: கட்டணம் செலுத்தும் மக்கள், வரிப்பணத்தைக் கையாளும் அரசு, வெளியிலிருந்து உதவுவோர். கடன் வாங்கினாலும் இவர்களில் ஒருவர்தான் திருப்பித் தரவேண்டும். சுமை எப்படிப் பகிரப்படுகிறது என்பதே கேள்வி.

பொலிவியா நாட்டின் கொச்சபாம்பா நகரில் 1999ஆம் ஆண்டு குடிநீர் வழங்கும் பொறுப்பு 40 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய அணைக்கான செலவும், நிறுவனத்துக்கு உறுதி செய்யப்பட்ட இலாபமும் மக்களின் கட்டணத்தில் ஏற்றப்பட்டன. 2000 சனவரியில் பலருக்குக் கட்டணம் இரு மடங்கானது. மக்கள் தெருவில் இறங்கினர். பேராயர் தித்தோ சொலாரி இரு தரப்பினரிடையே சமரசத்துக்கு முயன்றார். 17 வயது இளைஞர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஏப்ரலில் ஒப்பந்தம் இரத்தானது.

மக்கள் வென்றார்கள். ஆனால் நிர்வாகம் பொதுத்துறைக்குத் திரும்பிய பிறகும், நகரின் தெற்குப் பகுதி ஏழைகள் ஆண்டுக்கணக்கில் லாரித் தண்ணீரையே அதிக விலைக்கு வாங்கினார்கள். கட்டணக் குறைப்பு குழாய் உள்ளவருக்கு உதவியது; குழாயே இல்லாதவருக்கு அது எட்டவில்லை.

கம்போடியாவின் தலைநகர் புனோம் பென் வேறொரு பாடம் தருகிறது. போரால் சிதைந்திருந்த அந்நகரில் 1993ஆம் ஆண்டு, விநியோகிக்கப்பட்ட நீரில் 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் வீணானது. பொதுத்துறை குடிநீர் நிறுவனத்துக்குத் தலைமையேற்ற ஏக் சோன் சான் எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் பொருத்தினார். செல்வாக்கு மிக்கவர்களிடமும் கட்டணம் வசூலித்தார். மீட்டர் பொருத்தச் சென்றபோது படை அதிகாரி ஒருவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியதும் உண்டு. வெளிநாட்டு உதவியும் கடனும் குழாய்களைப் புதுப்பிக்கச் செலவாயின. ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணம் குறைக்கப்பட்டது. சிலருக்கு முழுவதும் தள்ளுபடியானது. 2010ஆம் ஆண்டளவில் இழப்பு ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்து, நாள் முழுவதும் தண்ணீர் வந்தது. ஆனால் அந்நகரமும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் பின்தங்கியே இருந்தது. குழாய்நீருக்குக் கட்டணம் கொடுக்கும் நாம், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அதற்குப் பணம் ஒதுக்க அரசுகளும் விரைவதில்லை.

தூய நீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று, பொலிவியா முன்வைத்த தீர்மானத்தின் வழியாக ஐ.நா. பொதுப்பேரவை 2010ஆம் ஆண்டு அறிவித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுத் திருமடலில் குடிநீர் உரிமையை வலியுறுத்தினார். ஆயினும் 2024ஆம் ஆண்டு நிலவரப்படி பாதுகாப்பான குடிநீர் கிடைக்காதவர்கள் 210 கோடிப் பேர். பாதுகாப்பான கழிப்பிட வசதி இல்லாதவர்கள் 340 கோடிப் பேர்.

அரசா தனியாரா என்ற விவாதம் தேவைதான். அதோடு இன்னொன்றையும் கேட்போம்: அடுத்த குழாய் யார் வீட்டுக்குப் போகிறது? ஒரு குடம் தண்ணீருக்கு ஏழை பணக்காரரைவிட அதிகம் கொடுக்கும் நாள் வரை, அந்த நகரில் தண்ணீர் இன்னும் பொதுச்சொத்தாகவில்லை. சிந்திப்போம்.