வர்த்தமானி மீண்டும் வருமுன்: ஊர்ச் சங்கங்கள் முடிக்க வேண்டிய காணி வேலை

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான 2430 ஆம் இலக்க வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைப் பட்டியலிட்டது. யாழ்ப்பாணத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. யாழ்ப்பாணக் கணக்கை நாங்கள் வழமையாகப் பேசும் பரப்பில் சொன்னால் 58,700 பரப்புக்கு மேல் வரும். மூன்று மாதத்துக்குள் உரித்தாளர் முன்வந்து உரிமை கோர வேண்டும், கோராத காணி அரச காணியாகப் பிரகடனம் செய்யப்படலாம் என்பதே அந்த அறிவித்தலின் சாரம்.

கடும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கும் தொடரப்பட்டது. காலக்கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், ஜூன் 27 ஆம் திகதி, உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தலை மீளப் பெறுவதாக அரசாங்கமும் கூறியது. ஊரில் பலர் அத்துடன் பிரச்சினை முடிந்துவிட்டதாக நினைத்து உறுதியைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

முடிந்தது அந்த ஒரு அறிவித்தல்தான். அதற்கு அதிகாரம் கொடுத்த காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் 1931 இல் வந்தது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4 ஆம் பிரிவின் கீழ் இன்னொரு அறிவித்தல் எப்போதும் வரலாம். காணி உரித்தைத் தீர்த்து மக்களுக்குத் தெளிவான உரிமை கொடுப்பதே நோக்கம் என்று அரசாங்கம் அப்போது சொன்னது. அந்த நோக்கத்தை நான் முற்றாகச் சந்தேகிக்கவில்லை. உரித்துத் தெளிவில்லாத காணியால் அவதிப்படுபவர்கள் வடக்கில்தான் அதிகம். ஆனால் இந்தச் சட்டத்தின் கட்டமைப்பு அப்படி. காணி தன்னுடையது என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. தன்னுடையது என்று உரித்தாளர்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் குறித்த நாளுக்குள்.

இந்தச் சுமை எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1840 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் ஆளில்லாமலும் கிடக்கும் நிலம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று கொள்ளச் சொன்னது. கோப்பித் தோட்டக் காலத்துச் சிந்தனை அது. இப்போது வன்னியை எண்ணிப் பாருங்கள். முப்பது வருடம் ஆட்கள் போக முடியாத காணி காடாகாமல் என்ன செய்யும்? காடானதற்குக் காரணம் போர். ஆனால் வரைபடத்தில் அது காடு மட்டும்தான்.

ஆளில்லை என்பதும் அப்படித்தான். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவற்றில் எழுதியிருந்தது. அந்த உரிமையாளர்கள் சில மைல் தொலைவில் சபாபதிப்பிள்ளை முகாமிலும் கோணப்புலத்திலும் இருந்தார்கள். கிராம அலுவலரிடம் கேட்டிருந்தால் எந்தக் கொட்டில் என்றுகூடச் சொல்லியிருப்பார். காணிச் சொந்தக்காரர்கள் பெருமளவில் திரண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். அப்படிப் போக முடிந்ததற்குக் காரணம், இடம்பெயர்ந்தவர்கள் முகாம்களில் ஏற்கெனவே சங்கமாகக் கூடியிருந்ததும், யாருடைய காணி எது என்ற கணக்கு அவர்களிடம் இருந்ததும்தான்.

தனி ஆளால் மூன்று மாதத்தில் இதைச் செய்ய முடியாது என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. இடம்பெயர்வுகளில் அம்மா மற்றதெல்லாம் விட்டாலும் உறுதியைச் சொப்பின் பையில் சுற்றிக் கையோடு கொண்டு திரிந்தா. அப்படி இருந்தும் ஒரு காணியின் உறுதி தப்பவில்லை. அதன் பிரதியை எடுக்க நாங்கள் அலைந்தது ஏழு மாதம். உறுதி எழுதிய நொத்தாரிசு இறந்துவிட்டார், இலக்கம் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது. கொழும்பில் தெரிந்த சட்டத்தரணி இருந்தும் இந்த நிலை. யாழ்ப்பாணம், முல்லைத்தீவுக் கரையோரங்களில் 2004 இல் கடல் கொண்டுபோனது ஒரு பாதி, 2009 இல் போனது மற்றப் பாதி. அங்கே இருப்பவர்களுக்கு எத்தனை மாதம் எடுக்கும்?

சட்டத்தின் முன் உரிமை கோரக்கூடியவர் உரித்தாளர் அல்லது அவருடைய முகவர். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கடற்றொழிலாளர் சங்கமோ ஒருவருடைய காணியைத் தன் பெயரில் கோர முடியாது. ஆனால் உரித்தாளர் அந்த மூன்று மாதத்துக்குள் ஓடி முடிக்க வேண்டிய வேலையில் முக்கால்வாசியை முன்கூட்டியே முடித்து வைக்கச் சங்கத்தால் முடியும்.

முதல் வேலை ஒரு பதிவுக் கொப்பி. காணியின் பெயர், நிலஅளவை வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும், உறுதி இலக்கமும் திகதியும் எழுதிய நொத்தாரிசின் பெயரும், நான்கு எல்லைக்காரர், இப்போதைய உரித்தாளர் எங்கே இருக்கிறார் என்பது. உறுதி தொலைந்திருந்தாலும் பயப்படத் தேவையில்லை. நொத்தாரிசு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டப்படியான கடமை. இலக்கமும் வருடமும் தெரிந்தால் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரனின் உறுதியைப் பாருங்கள். அதில் எல்லையாக உங்கள் தகப்பனாரின் பெயர் இருக்கும். ஒரே காணியிலிருந்து பிரிந்த துண்டாக இருந்தால் பழைய உறுதி இலக்கமும் கிடைக்கக்கூடும். ஊராகச் சேர்ந்து தேடுவதன் பெரிய இலாபம் இதுதான்.

சிக்கல் வருவது ஆட்களில். எங்களிடையே காணி பெரும்பாலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போனது. அந்தப் பெண்பிள்ளை இப்போது ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கிறா. வேலியைப் பார்ப்பது தம்பி. அவருக்குக் காணியில் சட்ட உரிமை ஒன்றுமில்லை. அற்றோணித் தத்துவம் ஒன்று அனுப்பிப் பதிந்து வைத்தால் அவர் கையெழுத்து வைக்கலாம். பங்கு பிரிக்காத காணி என்றால் எல்லாப் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டும். கணவர் பெயரில் காணி இருந்து, அவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனைவி மறுக்கிறா. மறுப்பதற்கு அவவுக்கு முழு உரிமையும் உண்டு. 2016 இன் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற்று, சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்க வழி இருக்கிறது. இதைச் சொல்லும் ஆள் மாதர் சங்கத்தில் ஒருவராவது இருக்க வேண்டும்.

அறிவித்தலுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டம், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக உள்ள சங்கத்தையும் பிரஜையாகவே கொள்கிறது. பதிவு செய்யாத சங்கமாக இருந்தாலும் சரி. எங்கள் கிராம அலுவலர் பிரிவில் உரித்து நிர்ணயத்துக்காக எந்தக் காணிகள் அளக்கப்பட்டுள்ளன, வரைபட இலக்கங்கள் எவை என்று காணி உரித்து நிர்ணயத் திணைக்களத்திடமும் நிலஅளவைத் திணைக்களத்திடமும் சங்கத்தின் கடிதத் தலைப்பிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

காலக்கெடு எங்களைக் கடந்துபோவது புதிதல்ல. போரினால் காணிக்குப் போக முடியாதவர்களுக்கு எதிராக மற்றவர் ஆட்சியுரிமை கோருவதைத் தடுக்க 2016 இல் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அது வழி செய்தது. வழக்குப் போட இரண்டு வருட அவகாசம். அப்படி ஒரு சட்டம் இருந்ததென்று அந்த அவகாசம் முடிந்த பின்னர் கேள்விப்பட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

சங்கத்தின் கையில் இந்தக் கொப்பி இருப்பதில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. எந்தக் காணிக்காரர் வெளிநாட்டில், எந்தக் காணிக்கு உறுதி இல்லை என்ற பட்டியல் கள்ள உறுதி முடிப்பவனுக்குத் தங்கச் சுரங்கம். ஊரில் சங்கம் என்றால் அதற்குள் கட்சியும் சாதியும் இருக்கும். காணியில்லாத குடும்பங்களின் பெயர் எந்தக் கொப்பியிலும் வராது. அதனால் ஒருவரின் விபரம் அவருக்கும் அவர் எழுத்தில் சம்மதித்தவருக்கும் மட்டும்தான் காட்டப்பட வேண்டும். கொப்பி இரண்டு பேரின் பொறுப்பில், இரண்டு இடத்தில் இருக்கட்டும். அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்களுக்கும் உறுதியும் பத்திரமும் இல்லாமல் குடியிருப்பவர்களுக்கும் தனிப் பக்கம் வேண்டும். வாக்காளர் இடாப்பு, பழைய பங்கீட்டு அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதிப் பதிவு எல்லாமே அவர்களுக்குச் சான்றுதான்.

உறுதியில் எல்லை பனை என்றும் பூவரசு என்றும் எழுதியிருக்கும். அந்தப் பனை நின்ற இடத்தைக் காட்டக்கூடியவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல் வயது. அவர்களைக் கூட்டிக்கொண்டு காணிக்குப் போவதை மாரிக்கு முன்னர் வைத்துக்கொள்ளுங்கள். மழை விழுந்து பற்றை எழும்பினால் எல்லைக்கல் கண்ணில் படாது.