பெரிய டிஸ்க் போட்டா வண்டி டக்குனு நிக்குமா?

கையில் நாலு காசு சேர்ந்ததும் காருக்குப் பெரிய டிஸ்க் மாட்டக் கிளம்பும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அலாய் வீல் இடுக்கில் பளபளவென்று தெரியும் தட்டு, அதில் ஓட்டைகள், சிவப்பு பெயின்ட் அடித்த காலிபர்.. "மச்சான், இனிமே பிரேக் அடிச்சா அப்படியே நிக்கும்டா!" என்று ஒரு பன்ச் டயலாக் வேறு.

நிற்காது மக்களே!

டிஸ்க் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். இந்த ஒரு வரி புரிந்தால் பாதிப் பணம் மிச்சம்.

டிஸ்க் பெரிதானால் பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து தள்ளிப் போகிறது. நீளமான ஸ்பேனரில் நட்டு சுலபமாகக் கழல்வதைப் போல, அதே மிதிக்கு அதிக விசை கிடைக்கும். 260 மி.மீ. டிஸ்க்கை 300 ஆக்கினால் 15 முதல் 20 சதவீதம் வரை கூடும். சரிதான். ஆனால் ஓங்கி மிதித்தால் இப்போதே ஏ.பி.எஸ். துடிக்கிறதா? ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் சக்கரம் லாக் ஆகித் தேய்கிறதா? ஆம் என்றால், இருக்கிற பிரேக்கே டயரின் பிடிமானத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் விசை வாங்குவது, பத்து ரூபாய் இருக்கிற அக்கவுண்டில் நூறு ரூபாய்க்கு செக் எழுதுவது மாதிரி!

கணக்கையே பாருங்கள். 60 கி.மீ. வேகம். காய்ந்த ரோட்டில் உராய்வு 0.8 என்றால் பிரேக் பிடித்த பிறகு சுமார் 18 மீட்டரில் வண்டி நிற்கும். மழையில் உராய்வு 0.5 ஆகக் குறைந்தால் 28 மீட்டர். நடுவில் இருக்கும் அந்த 10 மீட்டரில்தான் ஒரு ஆள் ரோட்டைக் கடக்கிறார். இந்தக் கணக்கில் டிஸ்க்கின் விட்டம் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா?

அப்போ பெரிய டிஸ்க் எதற்குத்தான்? சூட்டைத் தாங்க. 1200 கிலோ கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 4.6 லட்சம் ஜூல் ஆற்றல், பெரும்பகுதி பிரேக்கில்தான், சூடாக மாறுகிறது. ஒரு தடவை என்றால் சின்ன டிஸ்க்கே தாங்கும். ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று மிதிக்கும்போது பேட் சூடேறிப் பிடி தளர்ந்துபோகும். அங்கே பெரிய டிஸ்க் நியாயம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு இறங்குபவருக்கும் ஓரளவு உதவும். ஆனால் அங்கே முதல் மருந்து லோ கியர். அது இலவசம்!

இன்னொரு வில்லங்கமும் உண்டு. முன்பக்கம் மட்டும் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் முன்-பின் பங்கீடு குலைந்து முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும், பின் சக்கரத்தின் பிடி வீணாகும். நிற்கும் தூரம் கூடினாலும் ஆச்சரியமில்லை.

டிஸ்க்குக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டும் அதே ஆள் 1.6 மி.மீ. கூட பட்டன் இல்லாத மொட்டை டயரில் ஓடுகிறார். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷமோ! நல்ல டயர் நாலு, புது பேட், புது பிரேக் ஆயில். வண்டி நிற்பது இதில்தான். சிவப்பு காலிபர் போட்டோவுக்கு மட்டும்.