ஒரே எழுத்து, வேறு வழி

ஆர்டுயினோ ஊனோ போர்டில் ‘5வி’ என்று அச்சிட்டிருக்கும் பின்னைக் காட்டி, “இது மின்சாரம் வாங்கும் பின்னா, கொடுக்கும் பின்னா?” என்று பயிற்சி வகுப்புகளில் கேட்பது என் வழக்கம். வகுப்பு இரண்டாகப் பிரியும். இரு தரப்பும் சொல்வது சரிதான், சிக்கலே அங்கேதான். அந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கும் என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. மின்னோட்டம் எந்தப் பக்கம் பாயும், எவ்வளவு வரை தாங்கும், வழியில் காவலுக்கு ஏதாவது இருக்கிறதா என்பதை அறிய சர்க்யூட் வரைபடத்தைத்தான் திறக்க வேண்டும். நம் ஆய்வகங்களில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் அக்கறையில் பாதிகூட இந்த வரைபடத்துக்குக் கிடைப்பதில்லை. இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

ஊனோ ஆர்3-இல் மின்சாரம் உள்ளே வர நான்கு வாசல்கள் உண்டு. வட்ட ஜாக்கில் அடாப்டரைச் செருகினால் முதலில் ஒரு டயோடு. பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிட்டால் காப்பது அதுதான். அதைத் தாண்டி 5 வோல்ட் ரெகுலேட்டர். ‘வி-இன்’ பின்னோ அந்த டயோடுக்குப் பிறகு வந்து சேர்கிறது. அங்கே பேட்டரியைத் தலைகீழாகக் கொடுத்தால் காக்க எதுவும் இல்லை. யூஎஸ்பி வழியில் 500 மில்லியாம்ப் அளவுக்கான, தானே மீளும் ஃபியூஸ் ஒன்றும், அடாப்டர் இருக்கும்போது யூஎஸ்பியைத் துண்டிக்கும் மாஸ்ஃபெட் ஒன்றும் இருக்கின்றன. வி-இன்னில் உள்ள மின்னழுத்தத்தின் பாதியை 3.3 வோல்ட்டோடு ஒப்பிட்டு ஓர் ஆப்-ஆம்ப் அந்த முடிவை எடுக்கிறது. நான்காவது வாசல், நாம் பேசிக்கொண்டிருக்கும் 5வி பின். அதில் ஃபியூஸும் இல்லை, டயோடும் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை. நேராகச் சிப்பின் தலைமாட்டில் போய் நிற்கிறது. ஏடிமெகா328பி தாங்கும் உச்ச வரம்பு 6 வோல்ட். 9 வோல்ட் பேட்டரியின் சிவப்பு ஒயரைத் துளை மாற்றி இங்கே செருகினால் அந்தக் கணமே சிப் போய்விடும். கணினி இணைந்திருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து இங்கே 5 வோல்ட் கொடுத்தால், அந்த மாஸ்ஃபெட் வழியாகவே மின்னோட்டம் கணினியின் யூஎஸ்பி போர்ட்டை நோக்கித் திரும்பவும் கூடும்.

வெப்பக் கணக்கு இன்னொன்று. 12 வோல்ட் அடாப்டரைச் செருகி, 5வி பின்னிலிருந்து 200 மில்லியாம்ப் எடுக்கிறோம் என்று வையுங்கள். டயோடு 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 11.3, அதில் 5 போக 6.3 வோல்ட்டை அந்தச் சிறிய ரெகுலேட்டர் வெப்பமாகவே தீர்க்க வேண்டும். 1.26 வாட், ஹீட்சிங்க் இல்லாமல்! 7 முதல் 12 வோல்ட் என்று பரிந்துரையில் இருப்பதால் 12 பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பரிந்துரை எத்தனை மில்லியாம்ப் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சர்வோ ஒன்று திணறி நின்றாலே சில நூறு மில்லியாம்ப் இழுக்கும். ரெகுலேட்டர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் மீண்டும் தொடங்கும். மாணவர் நிரலில் தவறு தேடி இரவெல்லாம் விழித்திருப்பார். விரலால் ரெகுலேட்டரை ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லித் தந்திருந்தால் அந்த இரவு அவருக்கு மிஞ்சியிருக்கும்.

சர்வோவுக்குத் தனி பேட்டரி என்பது நல்ல வழக்கம். ஆனால் அந்த பேட்டரியின் நெகட்டிவும் போர்டின் ஜிஎன்டியும் இணைந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் ரோபோவை மேசையில் வைத்துக்கொண்டு, மூன்று சிக்னல் ஒயர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து அரை நாளை நானே தொலைத்தேன். இரண்டு கிரவுண்டுக்கும் இடையே ஒரு ஜம்பர் ஒயர் போட்டதும் சர்வோக்கள் ஒழுங்காகத் திரும்பின. சிக்னல் என்பது கிரவுண்டோடு ஒப்பிட்ட உயரம். அளக்கும் தரை இருவருக்கும் பொதுவாக இல்லையென்றால் அந்த உயரத்துக்குப் பொருளில்லை. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் துண்டாகியிருப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

டிஜிட்டல் பின்களுக்கு வருவோம். ஏடிமெகா328பி பின் ஒன்றுக்கு 40 மில்லியாம்ப் என்பது சிப் சேதமடையும் எல்லை. வேலை செய்ய வேண்டிய அளவு 20. சிப் முழுவதற்கும் சேர்த்து 200. நாம் எல்லோரும் வைத்திருக்கும் நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயில் ஏறக்குறைய 70 ஓம், அதாவது 71 மில்லியாம்ப். நடுவில் டிரான்சிஸ்டரும் காயிலுக்குக் குறுக்கே டயோடும் இல்லாமல் அதைப் பின்னில் இணைக்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த எண்கள் மனப்பாடமாகிவிட்டவர்களுக்குத்தான் இப்போது கூடுதல் கவனம் தேவை. 2023-இல் வந்த ஊனோ ஆர்4 அதே வடிவம், அதே பின் பெயர்கள், அதே 5 வோல்ட். ஆனால் பின் ஒன்றுக்கு 8 மில்லியாம்ப்தான். 220 ஓம் மின்தடையோடு சிவப்பு எல்இடி போட்டால் ஏறக்குறைய 13 அல்லது 14 மில்லியாம்ப் ஓடும். பதினைந்து ஆண்டுகளாக நாம் முதல் வகுப்பில் சொல்லித்தரும் அந்தச் சர்க்யூட், புதிய போர்டில் வரம்பை மீறுகிறது. நம் பயிற்சி ஏடுகளில் எத்தனை திருத்தப்பட்டிருக்கின்றன?

ஈஎஸ்பி32 போர்டுகளில் ‘5வி’ பின் இருப்பதாலேயே சிக்னல் பின்களும் 5 வோல்ட் தாங்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவை 3.3 வோல்ட் பின்கள். அல்ட்ராசோனிக் சென்சார் எச்சிஎஸ்ஆர்04-இன் எக்கோ ஒயரை 1 கிலோஓம், 2 கிலோஓம் மின்தடைகளால் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். போர்டுக்குப் பவரே இல்லாத நேரத்தில் சென்சார் மட்டும் உயிரோடு இருந்தால், சிக்னல் பின்னுக்குள் இருக்கும் காப்பு டயோடு வழியாக மின்சாரம் ஏறி, போர்டின் எல்இடி மங்கலாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி எரிந்தால் உடனே சென்சாரின் பவரைக் கழற்றுங்கள். அந்த டயோடு அந்தச் சுமைக்காக வைக்கப்பட்டதல்ல.

அடுத்த இதழ் முதல், நமக்கு வரும் சர்க்யூட் கட்டுரைகளில் மூன்றை எதிர்பார்க்கிறோம்: மின்சாரம் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று காட்டும் கோட்டுப்படம், ஒவ்வொரு பாகமும் உச்சத்தில் எடுக்கும் மில்லியாம்ப்களின் கூட்டல், சிப்பைப் பொருத்தும் முன் மல்டிமீட்டரில் அளந்த மின்னழுத்தங்கள். வண்ண ஒயர்களோடு பளிச்சென்று வரையப்பட்ட இணைப்புப் படம் மட்டும் வந்தால், ஆசிரியர் குழு அதை எழுதியவருக்கே திருப்பி அனுப்பி இந்த மூன்றையும் கேட்கும். பழைய இதழ்களில் நாமே வெளியிட்ட ரிலே, சர்வோ சர்க்யூட்களையும் இதே அளவுகோலில் சோதித்துத் திருத்தங்களை வெளியிடுவோம். உங்கள் ஆய்வகத்தில் அவற்றைக் கட்டிப் பார்த்தபோது சூடான பாகம், காரணமின்றி ரீசெட் ஆன போர்டு என எதைக் கவனித்திருந்தாலும் எழுதுங்கள். போர்டின் பெயரையும் பதிப்பையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.