லில்லியத் தின்னது வண்டு இல்லீங்க

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு எழுதப் போறது ஒரு வாக்குமூலம். போன ஐப்பசியில நான் பண்ணின ஒரு கொலை பத்தி. சரியாச் சொன்னா இருபது, இருபத்தஞ்சு கொலை.

காந்திபுரத்துல கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னாடி, மூணாவது மாடிக்கு மேல இருக்கற மொட்டை மாடிதான் நம்ம தோட்டம். கீழ பஸ் ஹாரன், மேல பத்து முப்பது தொட்டி. அவரைப் பந்தல், கறிவேப்பிலை, புதினா, அம்மா ஆசையா வெச்ச ஸ்பைடர் லில்லி நாலு தொட்டி. மழை விட்ட ஒரு காலையில போய்ப் பாத்தா, லில்லி இலை எல்லாம் யாரோ கரண்டியில சுரண்டின மாதிரி வெளுத்துக் கெடக்கு. ரெண்டு நாள்ல பாதி இலையைக் காணோம். கறுப்பு உடம்புல வெள்ளையும் ஆரஞ்சுமாப் புள்ளி வெச்ச புழுக்கள் கூட்டமா உக்காந்து மென்னுட்டு இருக்கு.

நான் என்ன பண்ணுவேன்? போனை எடுத்துத் தேடினேன். வந்ததெல்லாம் இங்கிலீஷ் பக்கங்கள். லில்லின்னாலே எதிரி சிவப்பு லில்லி வண்டுதான், பளீர்னு செக்கச்செவேல்னு இருக்கும், கையால புடிச்சு சோப்புத் தண்ணியில போடுங்கன்னு போட்டிருந்தது. திரும்பிப் பாத்தா, பக்கத்து அவரைப் பந்தல்ல சிவப்பா குட்டி குட்டியா வண்டு! ஆஹா, மாட்டுனடா மவனேன்னு ஒண்ணு விடாமப் பொறுக்கி சோப்புத் தண்ணியில போட்டேன். இந்த வண்டோட குட்டிதான் அந்தப் புழுன்னு நானே ஒரு ஆராய்ச்சி முடிவும் எடுத்துட்டேன் :-)

புழு போகல. சரின்னு ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். "செடியில பூச்சிங்க"ன்னேன். என்ன பூச்சி, என்ன செடி, பக்கத்துல திங்கற செடி ஏதாச்சும் இருக்கா... ஒரு கேள்வி இல்ல. ஒரு பாட்டில் எடுத்து வெச்சார். நானும் கேக்கல. கொண்டு வந்து அடிச்சுட்டு ஆபீஸ் கிளம்பறேன், அம்மா கையில கிண்ணத்தோட மாடிப்படி ஏறிட்டு இருக்காங்க. "எங்கம்மா?"ன்னேன். "சட்னிக்குக் கொஞ்சம் புதினா கிள்ளிட்டு வந்தர்றேன் சாமி" அப்படின்னாங்க. புதினாத் தொட்டி, லில்லித் தொட்டிக்கு ஒட்டினாப்ல இருக்கு. எனக்குக் காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடி நான் கிளம்பியிருந்தா?

சாயங்காலம் வந்து பாட்டிலை எடுத்துப் பாத்தேன். லேபிள்ல ஒரு முக்கோணக் குறி. நம்ம நாட்டுல விக்கற ஒவ்வொரு பூச்சிக்கொல்லியிலயும் இது இருக்கும். சிவப்புன்னா மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதுக்கு அடுத்தது, அப்புறம் நீலம், கடைசியாப் பச்சை. என் கையில இருந்தது சிவப்பு. மொட்டை மாடியில நாலு லில்லிச் செடிக்கு!

அடுத்த ஞாயித்துக்கிழமை மச்சான் வந்தாரு. விவசாயம் படிச்சவரு. அதுக்குள்ள மண்ணுல இருந்து புதுசாப் புழு வந்தாச்சு, அவரைக் கொடி முழுக்க அசுவினி வேற. அவரு ஒரு புழுவைக் குச்சியில எடுத்து, "மாப்ள, இதுக்குக் கால் எத்தனைன்னு எண்ணு"ன்னாரு. முன்னாடி மூணு ஜோடி. அதுக்கு மேல வயித்துப் பக்கம் சதைக்கால்கள் வரிசையா. "வண்டோட புழுவுக்கு வயித்துல இந்தச் சதைக்கால் இருக்காது. இது அந்துப்பூச்சிப் புழு. நீ சோப்புத் தண்ணியில போட்டது பொறிவண்டு. அவரையில இருந்த அசுவினியைத் தின்னுட்டு இருந்த ஜீவன். போலீஸைக் கொன்னுட்டு திருடன் அதிகமாயிட்டான்னு பொலம்பறே"ன்னாரு.

அப்புறம்தான் ஒழுங்காப் படிச்சேன். அந்த இங்கிலீஷ் பக்கங்கள் சொன்னது தப்பே இல்ல. அவங்க ஊருக்கு அது சரி. லிலியோசெரிஸ் லிலீங்கற அந்த வண்டு ஐரோப்பாவுல பரவலா இருக்கறது. அமெரிக்காவுல 1992ல மசாசூசெட்ஸ்ல கண்டுபிடிச்சாங்க. அதோட புழு தன் கழிவையே முதுகுல பூசிட்டுத் திரியும். அது திங்கறது அசல் லிலியம், அப்புறம் ஃப்ரிட்டிலாரியா. நம்ம மாடியில நாம லில்லின்னு கூப்பிடறது பெரும்பாலும் ஸ்பைடர் லில்லி, மழை லில்லி மாதிரி வேற குடும்பத்துச் செடிங்க. அசல் லிலியம் வேணும்னா நீலகிரி, பழனி மலைப்பக்கம் போகணும். அங்க வெள்ளையா நீளமாப் பூக்கறதுக்கு நீலகிரி லில்லின்னே பேரு.

நம்ம ஊர் லில்லியோட வில்லன் பாலிடெலா குளோரியோசே. அந்துப்பூச்சி. பேர்லயே குளோரியோசா இருக்கு பாருங்க, அதாவது நம்ம செங்காந்தள், தமிழ்நாட்டோட மாநிலப் பூ. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு விதைக்காகப் பயிர் பண்றாங்களே, அதையும் இந்தப் புழு விடாது. மனுஷனைக் கொல்ற கோல்ச்சிசின் விஷம் இருக்கற செடியையே தின்னு செரிக்கற புழுவுக்கு நம்ம வீட்டு லில்லி எம்மாத்திரம்?

பேர் தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்னன்னு கேப்பீங்க. பேருதாங்க பாதி வைத்தியம். பிடி குர்ஸ்டாகின்னு ஒரு பாக்டீரியாத் தூள் கிடைக்குது. அந்துப்பூச்சிப் புழு தின்னா வயிறு கெட்டுச் சாகும். வண்டுக்கு அது ஒண்ணுமே பண்ணாது. ஆளு மாறினா மருந்தும் மாறும்.

நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் இருக்கு. 2008ல கோயமுத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டுச்சு. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணையும் விடல. மேல மெழுகு மாதிரி மாவு இருக்கறதால அடிக்கற விஷம் ஒட்டறதில்ல. அடிச்சவங்க காசுதான் கரைஞ்சுது. ஆனா அது இன்ன பூச்சின்னு சரியா அடையாளம் கண்டதால, அதுக்குன்னே பொறந்த அசெரோபேகஸ் பப்பாயேங்கற துளியூண்டு குளவியை 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கொண்டு வர முடிஞ்சுது. வேளாண் பல்கலைக்கழகமும் பெருக்கி விட்டாங்க, அடங்குச்சு. லிட்டர் லிட்டரா ஊத்தின விஷத்தால ஆகாதது, கண்ணுக்கே சரியாத் தெரியாத குளவியால ஆச்சு.

என்னோட கருத்து இதுதாங்க. நாம "பூச்சி மருந்து"ன்னு சொல்றோம் பாருங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. அது மருந்து இல்ல, விஷம். காய்ச்சலுக்கு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லாம ஊசி போட்டா சண்டைக்குப் போவோம். பூச்சியோட மூஞ்சியைக்கூடப் பாக்காம விஷத்தைக் கொடுத்தா காசு கொடுத்து வாங்கிட்டு வர்றோம். கடைக்காரரை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்ல. கேக்காமக் குடுத்தது அவர் தப்புன்னா, பாக்காம அடிச்சது என் தப்பு.

இப்ப நான் பண்றது ரொம்பச் சாதாரணம். காலையில காபியோட மாடிக்குப் போய் லில்லி இலையைத் திருப்பிப் பாக்கறேன். முட்டை அடியில கூட்டமா இருக்கும், அந்த இலையை மட்டும் கிள்ளிடறேன். பெரிய புழுவைப் பொறுக்கி சோப்புத் தண்ணியில போடறேன் (இப்ப சரியான ஆளைத்தான்!). மண்ணுக்குள்ள போய்க் கூட்டுப்புழுவா மாறும், அதனால தொட்டி மண்ணை மேலாக் கிளறி விடறேன். குட்டிப் புழு ரொம்ப இருந்தா வேப்பங்கொட்டைச் சாறு, லிட்டருக்கு 50 கிராம் இடிச்சு ராத்திரி ஊறவெச்சு வடிகட்டி, கொஞ்சம் காதி சோப் கலந்து சாயங்காலமா அடிக்கறேன். அதுக்கும் மேலன்னாதான் பிடி. மொத்த இலையும் போனாக்கூட கவலைப்படாதீங்க, கிழங்கு நல்லா இருந்தா திரும்பத் துளிர்க்கும். எங்க வீட்டுல நாலு தொட்டியில மூணு துளிர்த்திருச்சு.

சந்தேகம் இருந்தா காந்திபுரத்துல மருதமலை பஸ் ஏறுங்க, வேளாண் பல்கலைக்கழகத்துல எறங்குங்க. 2018ல தொறந்த பூச்சி அருங்காட்சியகம் அங்க இருக்கு. குழந்தைகளையும் கூட்டிட்டுப் போங்க. எது எதிரி, எது நம்மாளுன்னு சின்ன வயசுலயே தெரிஞ்சா, பெரியவங்களானதும் என்னை மாதிரி கொலை பண்ண மாட்டாங்க.

அந்தச் சிவப்பு முக்கோணப் பாட்டில் இன்னும் பரண் மேல, பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு. சாக்கடையில ஊத்த மனசு வரல, குப்பையில போடவும் தைரியம் இல்ல. வாங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. தொலைக்கத்தான் வழி தெரியல.

டிஸ்கி: புதினாத் தொட்டியை மண்ணோட கொட்டிட்டேன். அம்மா ஒரு வாரம் எங்கிட்டப் பேசல. அவரையில நேத்து ஒரே ஒரு பொறிவண்டு வந்து உக்காந்திருந்துச்சு. மன்னிப்புக் கேட்டுட்டேன்.